பதினாலு இஞ்ச் டிவியில் இப்படியொரு படமா!

பழைய டிவியில் வால்யூமைக் கூட்டும்போது திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு நீளுமே, அதை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? படம் எவ்வளவு புள்ளியடித்தாலும் அந்தக் கோட்டின் ஓரத்தில் பிசிறே இருக்காது. சேனல் எண்ணும் அப்படித்தான். அதே டியூப், அதே கண்ணாடி. எழுத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் துல்லியம்? இதற்கு விடை தெரிந்ததிலிருந்து நான் ஒரு மாதிரி ஆகிவிட்டேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டும்! 2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிகளில் ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. இன்று வீட்டிலேயே அழகான திரை அதுதான். ஹாலில் சுவரை அடைத்து நிற்கும் 4கே டிவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். பிக்சர் டியூபுக்குக் கடைசியில் வேண்டியது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சிக்னல்கள். மெகா டிரைவ், சூப்பர் ஃபேமிகாம், பிளேஸ்டேஷன் போன்ற பழைய கன்சோல்களும் படத்தை அந்த மூன்றாகவே வெளியே தரும். நடுவில் வரும் ஏவி கேபிளின் மஞ்சள் பின்தான் வில்லன். ஒற்றைக் கம்பியில் போக வேண்டுமென்று வெளிச்சத்தையும் நிறத்தையும் கலந்துவிடுகிறார்கள். டிவி அதை மறுபடி பிரிக்க வேண்டும். அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைத்துவிட்டு, மாவிலிருந்து உளுந்தைத் தனியாக எடு என்றால் எப்படி? சிவப்பு ஓரத்தில் கசியும், நெருக்கமான கோடுகளில் வானவில் ஓடும், எழுத்தின் விளிம்பில் புள்ளிகள் ஊரும்.

வால்யூம் கோட்டுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ரிமோட்டுக்குக் காது கொடுக்கும் மைக்ரோ கன்ட்ரோலர், எழுத்துகளை மூன்று நிறங்களாகவே வீடியோ ஐசிக்குள் நேராக அனுப்புகிறது. கூடவே நாலாவதாக ‘பிளாங்கிங்’ என்றொரு கம்பி. அதில் வோல்டேஜ் ஏறினால், ‘அந்தப் படத்தை விடு, இதைக் காட்டு’ என்று ஐசிக்கு உத்தரவு. ஆக, வழி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது! பிரான்ஸில் 1980 முதல் புது டிவிகளில் 21 பின் ஸ்கார்ட் சாக்கெட் கட்டாயமாக்கப்பட்டதால், அங்கே இந்த வாசல் வெளியிலேயே இருந்தது. நம்மூர்ப் பெட்டியில் சாக்கெட் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாசலைத் திறக்கப் பெரிய வித்தை வேண்டாம். வீடியோ ஐசியின் எண்ணைப் பார்த்து அதன் டேட்டாஷீட்டை எடுத்து, எழுத்து நுழையும் நாலு பின்களைக் கண்டுபிடிக்க வேண்டும். இலவச டிவிகளைப் பல கம்பெனிகள் செய்ததால் போர்டு பெட்டிக்குப் பெட்டி மாறும். சிலவற்றில் மைக்ரோவும் வீடியோவும் ஒரே ஐசிக்குள் இருக்கும். அவை கொஞ்சம் அடம்பிடிக்கும். நிறத்துக்கு ஒன்றாக 75 ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு, 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஐசி பின்னுக்கு. பிளாங்கிங்குக்கு 5 வோல்ட்டை ரெசிஸ்டர் வழியாகக் குறைத்து ஒரு டாகிள் ஸ்விட்ச். வரி எங்கே தொடங்க வேண்டும் என்று டிவிக்குச் சொல்லும் சிங்க் சிக்னலை ஏற்கெனவே இருக்கும் மஞ்சள் பின்னிலேயே செருகிவிடலாம். வெளிச்சம் கூடினாலோ குறைந்தாலோ ரெசிஸ்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். ரிச்சி தெருவில் மொத்தச் சாமானும் ஒரு சினிமா டிக்கெட் காசுக்குள் முடிந்தது.

ஆனால் மூடியைக் கழற்றுமுன் பயம் வேண்டும். டியூபின் முதுகில் இருக்கும் ரப்பர் கப்புக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கினாலும் மிச்சம் நிற்கும். சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல். அதனால் எங்கள் தெரு டிவி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். “தம்பி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டு தள்ளி நில்லு” என்றார். நீளமான ஸ்க்ரூ டிரைவரில் ஒயரைச் சுற்றி, மறுமுனையை டியூபைச் சுற்றியிருந்த பின்னல் எர்த் கம்பியில் மாட்டி, முனையை ரப்பருக்கு அடியில் மெல்ல நுழைத்தார். ‘டப்’ என்றது. “இப்ப வா” என்றார். பழக்கமில்லாதவர்கள் இதைத் தனியாகச் செய்யவே கூடாது.

அப்புறம் ஸ்விட்சைப் போட்டேன் பாருங்கள்! மெகா டிரைவில் 1991-ன் சோனிக். முதல் லெவலின் பழுப்புக் கட்டம் போட்ட மண்; ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக, நான்கு மூலையோடு! மேலே மஞ்சளில் ஸ்கோர் எழுத்து, சுற்றிலும் ஒரு சாயமும் ஒட்டாமல். நீலம் என்றால் நீலம். வரிக்கு வரி இடையே மெல்லிய கருப்பு இடைவெளி. அந்தக் காலத்து ஓவியர்கள் இதை நம்பித்தான் புள்ளி வைத்தார்கள் என்று தோன்றுகிறது. அருவி மட்டும் விதிவிலக்கு. மஞ்சள் பின்னில் கலங்கி, கண்ணாடி நீர்போலத் தெரிந்தது இங்கே செங்குத்துக் கோடுகளாகப் பிரிந்து நிற்கும். அந்தச் சூட்சுமத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான்.

இன்னொன்று வேகம். சிக்னல் வர வர டியூப் வரி வரியாக வரைந்துவிடுகிறது, சேர்த்துவைத்து யோசிப்பதில்லை. பட்டனை அமுக்கினால் சோனிக் குதிக்கிறது, அவ்வளவுதான். பழைய லைட் கன்கள் இந்தப் பெட்டிகளில் வேலை செய்து, எல்சிடியில் கைவிரிப்பதற்கும் இதுவே காரணம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சின்ன வயதில் ஆடிய கேசட் டிவி கேமுக்கு இது பலிக்காது. அது நின்டெண்டோ என்.இ.எஸ்.ஸின் நகல், அந்த வீடியோ சிப்பே நிறத்தைக் கலந்துதான் வெளியே விடுகிறது. மற்றபடி, மேலே சொன்ன மூன்று கன்சோல்களில் ஒன்று கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். நான் அடுத்து 21 அங்குலம் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியை எடைக்குப் போடுவதாக இருந்தால் ஒரு குரல் கொடுங்கள். வண்டி எடுத்துக்கொண்டு நானே வந்துவிடுகிறேன், தூக்க ஒரு ஆள் மட்டும் தயாராக வையுங்கள்!