நரி, குள்ளநரி, வங்காநரி: சேலம் சமவெளியை முன்வைத்து ஒரு பெயர்த் திறனாய்வு

முன்னுரை

சேர்வராயன் மலையடியில் அமைந்த ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. அதற்குத் தெற்கிலும் கிழக்கிலும் விரியும் சேலம், நாமக்கல் சமவெளியில் மானாவாரிப் புன்செயும் தரிசும் முட்புதரும் கலந்து கிடக்கின்றன. அடர்காட்டையும் செங்குத்தான மலைச்சரிவையும் தவிர்க்கும் வங்காநரிக்கு இத்தகைய திறந்த நிலமே ஏற்ற வாழிடம். ஆயினும் தமிழ் எழுத்துலகம் இவ்விலங்கை ‘நரி’ என்றோ ‘குள்ளநரி’ என்றோ பொதுப்பெயரால் சுட்டிக் கடந்துவிடுகிறது. இப்பெயர் மயக்கத்தின் விளைவுகள் ஆராயத்தக்கன.

இரு பேரினங்கள்

லின்னேயசு 1758இல் பெயரிட்ட கேனிசு ஆரியசு, நாய், ஓநாய் ஆகியவற்றின் பேரினத்தைச் சார்ந்தது. ஜார்ஜ் ஷா 1800இல் விவரித்த வல்பெசு பெங்காலென்சிசு வேறு பேரினத்தது. இந்தியத் துணைக்கண்டத்திற்கே உரியது. முன்னது ஊளையிடும், பிணமும் தின்னும். பின்னது ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ எடையே உடையது; வால்நுனி கருமையானது; பூச்சி, எலி, ஓணான், இலந்தை முதலியவற்றை உண்டு பல வாயில்களுள்ள வளையில் வாழ்வது.

இலக்கிய மரபும் மயக்கமும்

தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப் பெயரான ‘குருளை’யை நரிக்கும் உரியதாக்குகிறது. இது மொழிவழக்கு நோக்கிய பகுப்பேயன்றி உயிரியல் பகுப்பன்று. புறப்பாடல்களில் களத்திலும் சுடுகாட்டிலும் திரியும் நரி, இயல்பால் கேனிசு ஆரியசுக்கே பொருந்துகிறது. பின்னர்ப் பஞ்சதந்திரத்தின் ‘சிருகாலம்’, ஈசாப்புக் கதைகளின் ஐரோப்பிய நரி ஆகிய இரண்டும் தமிழில் ‘நரி’ என்றே பெயர்க்கப்பட்டன. ‘குள்ளநரி’ என்பதோ ஒருவர் எழுத்தில் ஓரினத்தையும் மற்றொருவர் எழுத்தில் பிறிதோரினத்தையும் குறிக்கிறது.

இம்மயக்கத்தைத் தவிர்ப்பது மக்கள் வழக்கே. ‘வங்கு’ என்பது வளையைக் குறிக்கும் சொல்லாதலின், ‘வங்காநரி’ அதனடியாகப் பிறந்திருத்தல் கூடும். அறிவியற்பெயரை மொழிபெயர்த்து ‘வங்காள நரி’ என எழுதுவோர் இவ்வாய்ப்பைக் கருதுவதில்லை.

வழக்காறும் வாழ்வும்

நரிமுகத்தில் விழித்தல் நற்பேறு என்னும் நம்பிக்கையால், வாழப்பாடி வட்டாரச் சிற்றூர்களில் பொங்கலையொட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, கோயிலுக்குக் கொணர்ந்து, ஓடவிட்டுப் பின் விடுவிக்கும் வழக்கம் இருந்து வந்துள்ளது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதனைத் தடுக்கிறது. வனத்துறையும் தண்டம் விதித்துள்ளது. விலங்கு உயிருடன் விடப்படுவதால் தீங்கில்லை என்னும் வாதம் உயிரியலோடு ஒவ்வாது. மார்கழி, தை மாதங்களே இதன் இணைசேரும் பருவம். கருக்காலம் ஏறத்தாழ 50 நாள்கள். ஆகவே பிடிபடும் பெண்விலங்கு சூலுற்றதாக இருத்தல் கூடும். அதேவேளை, இவ்விலங்கைத் தனிப்பெயரிட்டுப் பிரித்தறிந்தவர்களும் இவ்வட்டார மக்களே என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

பதிவுகளில் ‘நரி’ என்று மட்டும் எழுதினால், ஓரினத்தின் நிலைபேறு மற்றோரினத்தின் தேய்வை மறைத்துவிடும். கேனிசு ஆரியசுக்கு ‘நரி’ என்றும் வல்பெசு பெங்காலென்சிசுக்கு ‘வங்காநரி’ என்றும் வரையறுத்து, ‘குள்ளநரி’யை அறிவியற்பெயரின்றி ஆளாமை ஆய்வுலகிற்கு நலம் பயக்கும். பெயர் தெளிவுபட்டாலன்றிக் கணக்கெடுப்பும் காப்பும் தெளிவுபடா.