சலக்குழாய் தெரிதல்: இலங்கையிலும் இந்தியாவிலும்

புரொஸ்டேட் சுரப்பி வீங்கிச் சலம் அடைத்துக்கொண்ட முதியவருக்கும், பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தவருக்கும், முள்ளந்தண்டு முறிந்து இடுப்பிற்குக் கீழ் உணர்ச்சியற்றுப் போன இளைஞனுக்கும், கதீற்றர் எனப்படும் சலக்குழாயை ஏற்றுவது வைத்தியசாலையில் சில நிமிஷங்களில் முடிந்துவிடும் காரியம். ஆனால் அந்தக் குழாயோடு அவர்கள் வீடு திரும்பிய பின்னர், அதை எப்போது மாற்றுவது, எந்த அளவில் வாங்குவது, பையை எங்கே தொங்கவிடுவது என்னும் வினாக்கள் மாதக்கணக்காகவும், சிலருக்கு ஆயுட்காலம் முழுவதும், குடும்பத்தாரை விடாது தொடர்கின்றன. பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் வியாதி ஒன்றே, உபகரணமும் ஏறக்குறைய ஒன்றே; எனினும் அதைத் தெரிகின்ற முறை வேறு. இந்தியாவில் குழாயைத் தெரிபவர் பெரும்பாலும் அதைக் காசு கொடுத்து வாங்குகிற குடும்பத்தவரே. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலை தெரிந்து ஏற்றி அனுப்புகிறது. முன்னவருக்கு ஏராளமான சரக்கு உண்டு, எதை எடுப்பது என்று சொல்ல ஆள் இல்லை. பின்னவருக்குச் சொல்ல ஆள் உண்டு, சரக்குத்தான் எல்லா நாளும் இருப்பதில்லை.

சென்னையில் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளின் வாசலை அடுத்துள்ள 'சர்ஜிக்கல்ஸ்' கடைகளின் முன் சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்கு இது விளங்கும். தகப்பனாருக்காகத் துண்டுச்சீட்டுடன் வந்து நிற்கும் மகனை நோக்கி, "டூ-வேயா, த்ரீ-வேயா சார்? பதினாறா, பதினெட்டா?" என்று கடைப்பையன் கேட்கிறான். சீட்டில் 'ஃபோலி' என்று மட்டும் எழுதியிருந்தால், மகன் திகைத்து, விலை கூடியது நல்லதாயிருக்கும் என்று எண்ணி, மூன்று வாய்க் குழாயை வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. மூன்று வாய்க் குழாய் என்பது சத்திரசிகிச்சைக்குப் பின் சலப்பைக்குள் நீரைச் செலுத்தி இரத்தக் கட்டிகளைக் கழுவுவதற்காக ஏற்பட்டது. வீட்டிலிருக்கும் நோயாளிக்கு அதனால் யாதொரு பிரயோசனமும் இல்லை. ஒரு வாய் சலம் இறங்குவதற்கு, மற்றொன்று உள்ளேயிருக்கும் குமிழை ஊதுவதற்கு என இரண்டே போதும்.

எண்ணைப் பற்றிய மயக்கம் இதைவிடப் பெரிது. பாரிஸ் நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சத்திரசிகிச்சைக் கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் வகுத்த அளவுமுறையில், எண்ணை மூன்றால் வகுத்தால் குழாயின் வெளிவிட்டம் மில்லிமீற்றரில் கிடைக்கும். ஆகவே 16 ஆம் எண் குழாய் ஐந்து மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பருமன் உடையது. ஆண்களுக்கு 14 அல்லது 16, பெண்களுக்கு 12 அல்லது 14 என்பது வழக்கம். வாயிலுள்ள வளையத்தின் நிறமே எண்ணைச் சொல்லிவிடும்: வெள்ளை 12, பச்சை 14, செம்மஞ்சள் 16, சிவப்பு 18. குழாயின் ஓரமாகச் சலம் கசிகிறது என்றால், துவாரம் பெரிது, குழாய் சிறிது என்று கருதி, அடுத்த முறை 18, அதற்கடுத்த முறை 20 என்று ஏறிக்கொண்டே போகிறவர்கள் பலர். கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் சலப்பை தன்னுள்ளே கிடக்கும் அந்நியப் பொருளைப் பொறுக்காது சுருங்குவது, அல்லது குழாய் அடைத்துக்கொள்வது, அல்லது மலச்சிக்கல். பருத்த குழாயும் பெரிய குமிழும் அந்தச் சுருக்கத்தை அதிகப்படுத்துமேயன்றித் தணிக்கமாட்டா. வீட்டு உபயோகத்திற்குச் சலம் தடையின்றி இறங்கக்கூடிய மிகச் சிறிய எண்ணே உத்தமம். இந்த ஒரு வாக்கியத்தைக் கடை வாசலில் எழுதி வைத்தால் எத்தனையோ முதியவர்களின் வேதனை குறையும். கடைக்காரர் எழுதி வைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தியச் சட்டப்படி பொட்டலத்தின்மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அந்தத் தொகைக்கும், கடைக்காரர் கொள்முதல் செய்த தொகைக்கும் இடையிலுள்ள தூரம் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தில்லி வட்டாரத்திலுள்ள நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பற்றுச்சீட்டுகளை ஆராய்ந்த தேசிய மருந்து விலை ஆணையம், நோயாளிகளிடமிருந்து வசூலிக்கப்பட்ட இலாபம் சில பொருள்களில் 1,700 சதவீதத்தையும் தாண்டியிருந்ததை 2018 பெப்ரவரியில் வெளிப்படுத்தியது. ஆதலால், கடையில் பாதி விலைக்குத் தருகிறேன் என்று சொல்லப்படும் 'டிஸ்கவுண்ட்' தயாளகுணத்தால் வருவது என்று யாரும் மயங்கவேண்டியதில்லை. மொத்த வியாபாரம் நடக்கும் தெருக்களில் நாலைந்து கடை ஏறி இறங்கத் தெம்புள்ளவர்க்கு இந்தியாவில் மலிவாகவே கிடைக்கும். நோயாளியைத் தனியே விட்டு வந்தவர்க்கு அந்தத் தெம்பும் நேரமும் ஏது?

இலங்கையில் காரியம் வேறு விதமாக நடைபெறுகிறது. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். குழாயும் பையும் சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கற் பிரிவு மூலம் வைத்தியசாலைக்கு வந்து, அங்கிருந்து நோயாளியைச் சேர்கின்றன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலிருந்து வீடு செல்லும் முதியவரிடம், "ஐயா, அடுத்த மாசம் பத்தாந் திகதி கிளினிக்குக்கு வாங்கோ, பாக் நிலத்தில முட்டக்கூடாது" என்று தாதி சொல்லி அனுப்புவார், அந்தத் திகதி நோயாளி தாமே வாங்கிய அப்பியாசக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். எண்ணைப் பற்றிக் குடும்பத்தார் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாற்றும் நாளையும் அவர்கள் தாமாக ஊகிக்கவேண்டியதில்லை. இது சாமானிய அனுகூலம் அன்று. லேட்டெக்ஸ் எனும் இறப்பர்ப் பாலில் செய்து சிலிக்கோன் பூசிய மஞ்சள் நிறக் குழாயை இரண்டு முதல் நான்கு வாரத்திற்குள் மாற்றிவிடவேண்டும். முழுவதும் சிலிக்கோனால் ஆன வெண்ணிறக் குழாய் பன்னிரண்டு வாரம் வரை தாங்கும். இந்தியாவில் மஞ்சள் குழாயை இரண்டு மாதம், மூன்று மாதம் என்று வைத்திருந்து, உப்புப் படிந்து அடைத்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களிற் பலர் வறுமையால் அப்படிச் செய்யவில்லை. மாற்றவேண்டிய நாளை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எனினும் இலங்கை முறையின் பலவீனம் 2022 ஆம் ஆண்டிலே அம்பலமாயிற்று. மார்ச்சுத் தொடக்கத்தில் இருநூறு ரூபாயளவில் இருந்த டொலரின் பெறுமதி மே மாதத்திற்குள் முந்நூற்றறுபதை எட்டியபோது, ஏறக்குறைய எல்லா உபகரணங்களையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் நாட்டில் வைத்தியசாலைக் களஞ்சியங்கள் வெறிச்சோடின. பேராதனை வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டினால் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டியதாயிற்று. "வெளியில வாங்கி வாங்கோ" என்ற துண்டு கையில் கொடுக்கப்பட்டபோது, அதுவரை எண் என்ன, பொருள் என்ன என்று அறியாதிருந்த குடும்பங்கள், ஆஸ்பத்திரி வீதிப் பாமசிகளின் முன் சென்னை மகனைப் போலவே திகைத்து நின்றன. அவ்வாண்டு மே 18 ஆந் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டு அரசு அனுப்பிய கப்பலில் அரிசியோடும் பால்மாவோடும் மருந்துகளும் வந்தமை இரு கரைக்கும் உள்ள உறவின் சான்று. இறப்பர் விளையும் தேசமான இலங்கை, இறப்பர்க் குழாய்க்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையில் இருப்பதைப் பொருளாதார நிபுணர் எப்படி விளக்குவார்களோ தெரியாது; எனக்கு அது வெட்கமாகவே படுகிறது.

இலங்கைத் தமிழருக்கு மூன்றாவது வழியொன்றும் உண்டு. இலண்டனிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பெட்டியிலே கொண்டுவரும் குழாய்களும் காற்பைகளும், ஒரு வீட்டு முதியவர் காலமான பின் அடுத்த வீட்டு முதியவருக்குப் போய்ச் சேர்கின்றன. தர்ம சிந்தனைதான், ஆனால் பொட்டலத்தில் அச்சிட்ட காலாவதித் திகதியையும், உறை கிழியாதிருக்கிறதா என்பதையும் பார்த்தே ஏற்கவேண்டும்.

நிரந்தரமாகக் குழாயைச் சுமக்காமலே வாழும் வழி ஒன்று உண்டென்பது இரு நாட்டிலும் பலருக்குத் தெரியாது. நாலு மணி, ஆறு மணிக்கொரு தடவை மெல்லிய குழாயொன்றைத் தாமே செலுத்திச் சலத்தை இறக்கிவிட்டு, உடனே எடுத்துவிடும் முறை அது. நெய் தடவிய குழாயைச் செலுத்தும் விதி சுசுருத சம்ஹிதையிலேயே இருப்பதால் இதன் வேர் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இதற்குக் கிருமியற்ற அறுவைக்கூடச் சூழல் வேண்டியதில்லை, சோப்பினால் கழுவிய சுத்தமான கையே போதும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்து வைத்தியர் ஜாக் லாப்பிடீஸ் 1972 இல் எடுத்துக்காட்டினார். உள்ளேயே கிடக்கும் குழாயைவிட இதனால் கிருமித்தொற்றும் கல்லும் குறைவு. முள்ளந்தண்டு முறிந்தும் கைகள் வழங்கும் இளைஞர்க்கு இதுவே முதல் தெரிவாக இருக்கவேண்டும். 1954 ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் இடுப்பிற்குக் கீழ் செயலிழந்த வைத்தியர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966 இல் தொடங்கிய வேலூர்ப் புனர்வாழ்வு நிலையத்தின் வழிவந்த பயிற்சியாளர்கள் இதை நோயாளிக்குப் பொறுமையாகக் கற்பிக்கிறார்கள். 2009 இல் முடிந்த யுத்தத்தில் காயமுற்றுச் சக்கரநாற்காலியில் வாழும் வன்னி இளைஞர் தொகையை நினைத்தால், அவ்வாறான பயிற்சி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் எவ்வளவு அதிகமாக வேண்டியிருக்கிறது என்பது புலப்படும். இதற்குரிய நெலாட்டன் குழாயை ஒரு தடவை உபயோகித்து எறிவது மேனாட்டு வழக்கம். நம்மிரு நாட்டிலும் கழுவி உலர்த்தி மீண்டும் உபயோகிக்கிறார்கள். பொட்டலத்திலே 2 என்ற எண்ணைக் குறுக்காக வெட்டிய முத்திரை அதை மறுத்தாலும், நாளுக்கு ஐந்து குழாய் வாங்க முடியாதவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கழுவியதை நன்றாக உலர்த்திச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்து, விறைத்தாலோ நிறம் மாறினாலோ எறிந்துவிடவேண்டும் என்று மட்டும் சொல்லலாம்.

பையைப் பற்றிச் சிறிது. யாழ்ப்பாணத்தில் சாரமும் தமிழ்நாட்டில் வேட்டியும் உடுத்த முதியவர், இரண்டு லீற்றர்ப் பையைச் சீலைப்பைக்குள் மறைத்துக் கையிற் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவதைக் காண்கிறோம். படியில் கால் வைக்கும்போது அந்தக் கை தன்னையறியாமல் நெஞ்சு வரை உயர்கிறது. பையிலுள்ள பழைய சலம் குழாய் வழியே சலப்பைக்குத் திரும்ப ஓடப் பார்க்கிறது. திரும்பியோடாமல் தடுக்கும் வால்வு உள்ள பையா என்று கேட்டு வாங்கவேண்டுவது இதனாலேயே. துடையில் கட்டிக்கொள்ளும் சிறு காற்பை இரு நாட்டிலும் அரிது. கிடைத்தால் நடமாடுகிறவர் அதையே வாங்குக. அடியிலுள்ள திறப்பு ஒழுகாததா என்று கடையிலேயே திருகிப் பார்ப்பதில் சங்கோசம் வேண்டாம்.

இவ்வளவையும் எடைபோட்டுப் பார்க்கும்போது, இலங்கை முறையையே நான் மேலானதாகக் கொள்வேன். ஆனால் அது வைத்தியசாலை வாசலோடு நின்றுவிடுகிறது. கிராமந்தோறும் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் தாய்க்கும் சேய்க்கும் உரியவர். படுத்த படுக்கையான முதியவர் குழாய் மாற்ற ஓட்டோ பிடித்து நகரத்துக்கு வரவேண்டியிருக்கிறது. 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கி 2008 இல் மாநிலக் கொள்கையான கேரளத்துத் தணிப்புச் சிகிச்சை முறையில், பஞ்சாயத்துத் தாதி வீட்டிற்கே வந்து குழாயை மாற்றிவிட்டுப் போகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் அந்த வழியிற் செல்கிறது. வடமாகாணச் சுகாதார அதிகாரிகள் இதைக் கண்டு பின்பற்றக் கடல் கடந்து வெகுதூரம் போகவேண்டியதில்லை.

அதுவரையில் பணம் செலவாகாத காரியமொன்றை இரு நாட்டு வைத்தியசாலைகளும் இன்றே செய்யலாம். வீட்டிற்கு அனுப்பும் ஒவ்வொருவரின் கொப்பியிலும் சீட்டிலும், குழாயின் எண், அது லேட்டெக்ஸா சிலிக்கோனா என்பது, குமிழில் ஏற்றிய நீரின் அளவு, ஏற்றிய நாள், மாற்றவேண்டிய நாள் ஆகியவற்றைத் தமிழில், வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதித் தராவிட்டால், வீடு திரும்புமுன் குடும்பத்தார் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.