பெயரிடாத நூலும் பெயர் பெற்ற மீனும்

நாம் சந்தையில் வாங்கும் கானாங்கெளுத்தியின் அறிவியல் பெயர் ராஸ்ட்ரெல்லிகர் கானாகுர்தா. இரண்டாம் சொல் இலத்தீன் அன்று. விசாகப்பட்டினத்து மீனவரின் தெலுங்குச் சொல்லாகும். அச்சொல்லை உலகறியச் செய்த நூல் எது தெரியுமா? பாட்ரிக் ரஸ்ஸல் அக்கடற்கரையில் சேகரித்த இருநூறு மீன்களைப் படங்களுடன் விவரித்து, 1803-இல் இலண்டனில் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூல்.

உள்ளூர்ப் பெயரையே ஒவ்வொரு மீனுக்கும் அடையாளமாக்கியது நூலின் பெருஞ்சிறப்பு. ஆனால், லின்னேயஸின் இருசொற் பெயர்முறை 1758-லேயே விலங்குகளுக்கு வந்துவிட்டது. இருந்தும், பெரும்பாலான புதிய மீன்களுக்கு ரஸ்ஸல் சிற்றினப் பெயர் சூட்டவில்லை. கானாகுர்தாவுக்கு 1816-இல் அதைச் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் கூவியே. பெயரிட்ட பெருமையும் அவரையே சேர்ந்தது.

இன்னொரு குறையும் உண்டு. கூவியேக்கு ஆதாரம் ரஸ்ஸலின் படமே. ஒப்பிட்டுப் பார்க்க மூல மாதிரி மீன் இன்று இல்லை. இப்பேரினத்தில் மூன்று சிற்றினங்கள் உள்ளன. உடலின் உயரத்தையும், செவுள் வளைவில் சீப்புப் பற்கள்போல் நிற்கும் முட்களின் நீளத்தையும் கொண்டே அவற்றைப் பிரித்தறிகிறோம். கானாங்கெளுத்தியின் வாயைத் திறந்து பாருங்கள். நீண்ட முட்கள் தெரியும். பக்கவாட்டில் வரைந்த படத்தில் இவை தெரியா.

ஆயினும், இந்நூல் இல்லையேல் மீனவரின் சொல் அறிவியலில் ஏறியிராது. நீங்கள் புதிய மீனைக் கண்டால் மூன்றையும் போற்றுங்கள்: மீனவர் சொல்லும் பெயர், அளந்து எழுதிய குறிப்பு, பாதுகாத்த மீன். ரஸ்ஸல் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.