துடைக்கப்பட்ட எழுத்துகள்

1944ஆம் ஆண்டில் ஆன்செல் ஆடம்ஸ் கலிபோர்னியாவின் லோன் பைன் ஊரருகே நின்று, சியரா நெவாடா மலைத்தொடரின் குளிர்கால விடியலைப் படமெடுத்தார். மேலே ஒளிரும் பனிச் சிகரங்கள்; நடுவே இருள் போர்த்த குன்றுகள்; அடியில், வெயிற்கீற்றில் மேயும் ஒரு குதிரை. மனிதன் கைபடாத நிலம் என்றே எவரும் மயங்குவர். ஆயின் அக்குன்றின் சரிவில் உள்ளூர்ப் பள்ளி மாணவர் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளைப் பெரிதாக வெள்ளையடித்து வைத்திருந்தனர். அவற்றை ஆடம்ஸ் நெகட்டிவிலேயே இயன்றவரை அழித்தார். எஞ்சிய சுவட்டை அச்சிட்ட படிகளில் மறைத்தார். இதனை அவரே பின்னாளில் எழுதியும் உள்ளார்.

நிலத்தின்மேல் அவர் கொண்ட காதல் ஐயத்திற்கு இடமற்றது. கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா 1940இல் அமைவதற்கு அவருடைய படங்களும் துணைநின்றன. எனினும் வடுவை மறைத்த படம் வடுவைப் பற்றிப் பேச இயலாது.

அப்பேச்சை மேற்கொண்டவர் ராபர்ட் ஆடம்ஸ் (பெயரொற்றுமையேயன்றி உறவில்லை). ஆங்கில இலக்கியம் கற்பித்த இவர், கொலராடோவின் மலையடிவாரத்தை விழுங்கி வளர்ந்த புறநகர்களை 1974இல் 'புதிய மேற்கு' என்னும் நூலாக்கினார். 1968இல் எடுத்த ஒரு படத்தில், ஒரே வார்ப்பில் எழுந்த வீடுகளுள் ஒன்று. முன்னே வெட்டிய புல்தரை. சன்னலுக்குள் ஒரு பெண்ணின் கரிய நிழலுரு.

வண்ணம் இருந்திருப்பின் புல்லின் பசுமையில் கண் இளைப்பாறியிருக்கும். கறுப்பு வெள்ளை அதற்கு இடங்கொடுப்பதில்லை. சிகரத்துப் பனிக்கு ஆன்செல் வழங்கிய ஒளியை ராபர்ட் இவ்வெளிய வீட்டிற்கும் வழங்குகின்றார். நிலத்தை ஆக்கிரமித்த வீட்டை அவர் வெறுக்கவில்லை. அதனுள் தனித்து நிற்கும் பெண்ணும் நிலத்தோடு சேர்ந்தே எதையோ இழந்தவளாகத் தெரிகின்றாள்.