லிலியான் துராமும் வலப்புற ஸ்தானமும்

1998ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, பாரிஸ் நகரையடுத்த ஸ்தாத் தெ பிரான்ஸ் மைதானத்தில் குரோஷியாவை எதிர்த்து நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸின் லிலியான் துராம் போட்ட இரண்டு கோல்களைக் கொண்டாடாத காற்பந்து ரசிகர் இல்லை. ஆயினும் அதே ஆட்டத்தில் குரோஷியாவின் ஷூக்கர் முதல் கோலைப் போட்டபோது, சக காப்பாளர்கள் முன்னேறி நிற்கத் துராம் மட்டும் பின்தங்கி நின்றமையால்தான் ஆஃப்சைடு விதி ஷூக்கரைத் தொடவில்லை என்பதைச் சேர்த்து நினைப்பவர் சிலரே. அந்தக் குறையும் அந்த வெற்றியும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை என்பது என் அபிப்பிராயம்.

குவாதலூப் தீவில் 1972இல் பிறந்து, மொனாக்கோவில் வெங்கரிடம் ஆட்டம் பழகி, 1996இல் இத்தாலியின் பார்மா அணிக்குச் சென்ற துராம், ஸ்வபாவத்தில் நடுக்காப்புக்கு உரியவர். தேசிய அணியிலோ அந்த ஸ்தானத்தில் பிளாங்கும் தெசாயியும் நிலைபெற்றிருந்தமையால், பயிற்சியாளர் ஜாக்கே அவரை வலப்புறத்தில் நிறுத்தினார். ஏற்பாட்டின் பலன் பிரத்தியட்சம்: இடப்புறக் காப்பாளர் லிஸராஸுவையும் சேர்த்து அந்நால்வரும் ஒன்றாகத் தொடங்கிய எந்தப் பன்னாட்டு ஆட்டத்திலும் பிரான்ஸ் தோற்றதில்லை.

ஆனால் ஓரத்தில் ஓடிச் சென்று முன்கள வீரருக்குப் பந்தை வளைத்தனுப்பும் நயம் துராமுக்கு இயல்பாக வாய்த்ததன்று. அப்பக்கத்துத் தாக்குதல் அதனால் மெலிந்தே இருந்தது. அந்த இரு கோல்களையே கூர்ந்து பாருங்கள்: முதலாவது, பெட்டியின் விளிம்பில் தயங்கிய போபானின் காலிலிருந்து பந்தைப் பறித்து, ஜோர்காயெஃப் திருப்பித் தந்ததை உள்ளே செலுத்தியது, இரண்டாவது, யார்னியோடு மல்லுக்கட்டிப் பந்தைக் கவர்ந்து, பழகாத இடக்காலால் தூரத்து மூலைக்கு அடித்தது. இரண்டிலும் வென்றது பறிக்கும் வல்லமையே, அதாவது நடுக்காப்பாளனின் குணமே. 142 பன்னாட்டு ஆட்டங்களில் அவர் போட்ட கோல்கள் இவ்விரண்டு மட்டுமே என்பதும் இதற்குச் சான்று.

ஜாக்கேயின் நிர்ப்பந்தம் நியாயமானது, கோப்பை கிடைத்தது. ஆனாலும் துராமின் பூரண ஆற்றல் வெளிப்பட்டது, ஒருமுறை தேசிய அணியிலிருந்து விலகி மீண்டும் வந்த பிறகு, 34 வயதில், 2006 உலகக் கோப்பையில் கல்லாஸோடு நடுவில் நின்றபோதுதான். அங்கே 7 ஆட்டங்களில் பிரான்ஸ் விட்டுக்கொடுத்தவை 3 கோல்களே, அவற்றுள்ளும் ஒன்று பெனால்டி. துராமை அறிய விரும்பும் வாசகர், அவ்வாண்டு போர்த்துகலை 1-0 என்று வென்ற அரையிறுதியை ஒருமுறை முழுவதும் பார்க்க வேண்டுகிறேன்.