காற்றில் நிற்கும் கார்: ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸரை வீட்டில் சரிசெய்தல்

ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில் எஃகுச் சுருள்வில்லின் வேலையை ரப்பர் பெல்லோக்கள் செய்கின்றன. உள்ளே அடைத்த காற்றுதான் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. அந்தக் காற்றைத் தருவது ஒரு கைப்பிடிப் பானை அளவேயான மின் கம்ப்ரஸர். மெர்சிடஸ் 300 எஸ்இ 1961-லேயே காற்றுப் பெல்லோக்களோடு வந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டுடன் இந்த அமைப்பு 1990-களில் ரேஞ்ச் ரோவரிலும் மெர்சிடஸ் எஸ்-கிளாஸிலும் பரவியது. இன்று ஆடி க்யூ7, வால்வோ எக்ஸ்சி90 போன்ற வண்டிகள் இரண்டாம் கையாகச் சிறு ஊர்களுக்கும் வந்துவிட்டன. வாரண்டி முடிந்த பிறகு முதலில் கைவிரிக்கும் உறுப்புகளில் ஒன்று இந்த கம்ப்ரஸர்.

புளியறை ஏன் கடினமான களம்

செங்கோட்டையைத் தாண்டி கொல்லம் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744-இல், தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிறது புளியறை. சோதனைச் சாவடி கடந்ததும் எஸ் வளைவு, அதன்பின் கோட்டைவாசல் ஏற்றம், அப்பால் ஆரியங்காவு. தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாய் வழியாகவே கிழக்கே நுழைகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துச் சீசனும் சாரலும் அதன் கொடை.

ஈரக் காற்று கம்ப்ரஸருக்கு எதிரி என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 25 டிகிரி வெப்பத்தில், ஈரம் நிறைந்த 1 கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். அதைப் பத்தில் ஒரு பங்காக அழுத்தி மீண்டும் அதே வெப்பத்துக்கு ஆறவிட்டால், 2 கிராமுக்குச் சற்று அதிகம்தான் ஆவியாக நிற்கும். மீதி 20 கிராமுக்கு மேல் தண்ணீராக இறங்கிவிடும். இதே சாலையில் ஓடும் லாரிகளில் ஏர் டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது ஓட்டுநருக்குப் பழக்கமான வேலை. காரில் அப்படித் திறந்துவிட வழியில்லை. ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரம்பிய ஒரு டிரையர்தான் கம்ப்ரஸரோடு ஒட்டியிருக்கிறது.

கம்ப்ரஸர் வேலை செய்யும் விதம்

12 வோல்ட் மோட்டார் ஒரு சிறு பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டுகிறது. பிஸ்டன் ரிங் டெஃப்லான் வகைப் பொருளால் ஆனது. எண்ணெய் இல்லாமல் உலர்ந்தே ஓடும். அழுத்திய காற்று டிரையரைக் கடந்து, வால்வு பிளாக் வழியாக அந்தந்தச் சக்கரத்தின் பெல்லோவுக்குப் போகிறது. வண்டியைத் தாழ்த்தும்போது அதே காற்று வந்த வழியே திரும்பி, டிரையரின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வெளியேறுகிறது.

பழுதின் ரகசியம் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. டிரையர் தன்னை உலர்த்திக்கொள்வது காற்று அதன் வழியே திரும்பிப் போகும்போது மட்டும்தான். பெல்லோவில் வெடிப்பு விழுந்து காற்று வெளியே கசிந்தால் அந்தத் திரும்புதல் நடக்காது. கம்ப்ரஸர் புதிது புதிதாக ஈரக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். மணிகள் நனைந்து உதிர, ரிங் தேய, கடைசியில் மோட்டார் புகையும். ஆகவே செத்த கம்ப்ரஸரைக் கழற்றுமுன் கசிவைத் தேட வேண்டும். கசிவு இருக்கும் வண்டியில் புது கம்ப்ரஸர் பூட்டினால், பழையது போன வழியிலேயே அதுவும் போகும்.

முதல் சோதனை: ஓர் இரவு

இதற்கு டேப், பென்சில், காகிதம் போதும். வண்டியைச் சமதரையில், இயல்பான உயரத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து குறிக்க வேண்டும். பிறகு கம்ப்ரஸரின் ஃப்யூஸை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பல வண்டிகள் இரவில் தாமே விழித்து உயரத்தைச் சரிசெய்துகொண்டு கசிவை மறைத்துவிடும். காலையில் கதவைத் திறக்காமலே மீண்டும் அளக்க வேண்டும். கதவைத் திறந்தாலே சில வண்டிகளில் வால்வுகள் அசையத் தொடங்கும்.

ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பெல்லோ, அதன் குழாய், குழாய் முனை ஆகியவற்றில் சந்தேகம். முன்பக்கமோ பின்பக்கமோ இரண்டு மூலையும் சேர்ந்து இறங்கியிருந்தால் வால்வு பிளாக்கையும் பார்க்க வேண்டும். நான்கும் அப்படியே நிற்க, வண்டி ஓடும்போது மட்டும் எழ மறுத்தால் கம்ப்ரஸர், அதன் மின்சாரம் இரண்டில் ஒன்று.

இறங்கிய மூலையில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். ரப்பர் மடியும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால், அரை நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு கடுகளவு குமிழிகள் ஒரு கோடாக முளைக்கும். இந்த மடிப்பு வெடிப்பை ஒட்டி ஓட்ட முடியாது. பெல்லோவை மாற்றத்தான் வேண்டும்.

இந்தச் சோதனைக்கும் அடுத்த வேலைகளுக்கும் ஒரே எச்சரிக்கை: காற்றை நம்பி வண்டிக்கு அடியில் நுழையக்கூடாது. காற்று இறங்கினால் வண்டி சொல்லாமல் தரையோடு படியும். ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். குழாயைக் கழற்றுமுன் அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும்.

இரண்டாம் சோதனை: மின்சாரம்

ஃப்யூஸ், ரிலே, ஒயர் என்ற வரிசையில் போகலாம். ரிலேவின் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிச் சூடேறிக் கெடும். விலை குறைந்த ரிலே விலை கூடிய கம்ப்ரஸரைக் கொல்லும் வழி இதுதான். கம்ப்ரஸரை மாற்றும்போது ரிலேவையும் சேர்த்து மாற்றுவது நல்ல பழக்கம்.

கம்ப்ரஸர் ஓடும்போதே அதன் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். பேட்டரியில் 12.5 வோல்ட்டும் சாக்கெட்டில் 10-ம் காட்டினால் வழியில் எங்கோ துரு. கடலோரமாகவோ சாரலிலோ நின்ற வண்டிகளில் எர்த் முனையில் பச்சைப் பாசி போலப் படிந்திருக்கும். மின்சாரம் சரியாக வந்தும் மோட்டார் சத்தமில்லாமல் கிடந்தால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சாதாரண ஸ்கேனர் எஞ்சின் பிழைகளை மட்டுமே படிக்கும். சஸ்பென்ஷன் பிழைகள் 'சி' எழுத்தில் தொடங்குபவை, அவற்றைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

திறந்து பார்த்தல்

மோட்டார் ஓடுகிறது, சத்தம் மட்டும் கரகரப்பாக இருக்கிறது, வண்டி மெல்ல எழுகிறது என்றால் ரிங் தேய்ந்ததற்கு அடையாளம். பல மாடல்களில் கம்ப்ரஸரை நான்கைந்து போல்ட்டில் இறக்கிவிடலாம். தலைப்பகுதியைத் திறந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் காகித விளிம்பு போல மெலிந்திருப்பதும், சுவரில் சாம்பல் நிறப் பொடி பூசியிருப்பதும் தெரியும். சிலிண்டர் சுவரில் விரல் நகம் தட்டுப்படும் கீறல் இல்லாதவரை ரிங் கிட் பலன் தரும். கீறல் ஆழமாயிருந்தால் புது ரிங்கும் சில மாதங்களில் பழையதாகும்.

புது ரிங்கைப் பூட்டும்போது பிஸ்டன் உள்ளே நுழைய மறுக்கும். தண்ணீர் பாட்டிலிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் பட்டையை ரிங்கைச் சுற்றி இறுக்கி, மெதுவாகத் தள்ளினால் நழுவி இறங்கும். இங்கே எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்து ரிங்கை அரைக்கும். காற்றோடு போய் டிரையர் மணிகளையும் பாழாக்கும். ஓ-ரிங்குகளை முறுக்காமல் வைத்து, தலை போல்ட்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

டிரையரைத் திறக்கையில் உள்ளே வில் இருக்கலாம், மூடி துள்ளும். நல்ல மணிகள் தனித்தனியாகக் கொட்டும். நனைந்தவை ஈர அரிசி மாவு போலக் கட்டிபட்டு அடியில் ஒட்டியிருக்கும். சிலிக்கா ஜெல் மணிகள் என்றால் 120 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி மீட்கலாம். ஜியோலைட் மணிகளுக்கு 200 டிகிரிக்கு மேல் வேண்டும், வீட்டு அடுப்புக்கு அது ஒத்துவராது. பொடியானவற்றை அதே அளவு, அதே வகை மணிகளால் மாற்றுவதே சரி. இருபுறமும் உள்ள வடிகட்டித் துணிகளைத் திரும்ப வைக்க மறந்தால் பொடி வால்வு பிளாக்கில் புகுந்து அடுத்த செலவைக் கொண்டுவரும்.

எது தகும், எது தகாது

ரிங் கிட்டும் டிரையர் மணிகளும் புது கம்ப்ரஸரின் விலையில் மிகச் சிறிய பங்குதான். கசிவை முதலில் அடைத்து, சிலிண்டர் நலமாயிருந்தால் இந்த வழி நன்றாகவே உழைக்கும். மோட்டார் எரிந்திருந்தால் வேறு பேச்சில்லை, புதியது வாங்க வேண்டும். பிராண்ட் பெயரில்லாத மலிவு கம்ப்ரஸர்களில் டிரையரின் தரம்தான் முதலில் குறையும். ஈரமான மலையடிவாரத்துக்கு அது போதாது. பெல்லோக்களைக் கழற்றிச் சுருள்வில் பூட்டுவதும் ஒரு வழிதான். கணினியின் எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனி வேலை பார்க்க வேண்டும், பாரத்துக்கேற்ப உயரம் மாறும் வசதியும் போய்விடும்.

வேலை முடிந்த பிறகு பிழைகளை அழித்துவிட்டு, உயரத்தைச் சரிபார்த்து, மீண்டும் ஓர் இரவுச் சோதனை வைக்க வேண்டும். காலையில் அளவு மாறாமல் இருந்தால், ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏற்றி எஸ் வளைவைத் தாண்டிக் கோட்டைவாசல் வரை ஏறிப் பார்க்கலாம். ஆள் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, சில நொடிகளில் சத்தம் அடங்கிச் சமமானால் கம்ப்ரஸர் சரி. ஏறி முடிக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தால் கசிவு இன்னும் எங்கோ இருக்கிறது. அளவுத்தாளை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.