எத்னேயும் புறஜாதியாரும்: பவுலின் தெரிவுக் கோட்பாட்டில் ஒரு சொற்சிக்கல்

முதல் நூற்றாண்டுக் கிறித்தவ இயக்கம் எதிர்கொண்ட முதன்மைச் சிக்கல், யூதரல்லாதார் விருத்தசேதனமின்றி இறைமக்களுள் இடம்பெறலாமா என்பதாகும். ஏறத்தாழ கி.பி. 48-49இல் எருசலேமில் கூடியோர் இது குறித்து முடிவெடுத்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் கூறுகிறது. அதற்குரிய கோட்பாட்டை விரிவாக வகுத்தவர் பவுல். கலாத்தியருக்கும் உரோமருக்கும் எழுதிய நிருபங்களில் அவர் நிகழ்த்தும் வாதம், 'எத்னே' என்னும் கிரேக்கச் சொல்லின் பொருட்பரப்பைச் சார்ந்து நிற்பதையும், தமிழ்ப் பெயர்ப்பில் அச்சார்பு நெகிழ்ந்துவிடுவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எபிரேயத்தில் மக்கட்கூட்டத்தைக் குறிக்க 'கோய்', 'அம்' என இரு சொற்கள் வழங்குகின்றன. 'கோய்' என்பது தொடக்கத்தில் அயலாரை மட்டும் குறித்ததன்று. ஆபிரகாமின் வழித்தோன்றல்களும் (ஆதியாகமம் 12:2), சீனாய் மலையடியில் நின்ற இசுரவேலரும் (யாத்திராகமம் 19:6) அச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கிய எழுபதின்மர் பெயர்ப்பு, 'கோய்' என்பதைப் பெரும்பாலும் 'எத்னொஸ்' என்றும், 'அம்' என்பதை 'லாஓஸ்' என்றும் பெயர்த்தது. காலப்போக்கில் 'லாஓஸ்' இசுரவேலருக்கும், 'எத்னே' என்னும் பன்மை ஏனையோருக்கும் உரியனவாயின. எனினும் 'இனங்கள்' என்னும் பொதுப்பொருள் அப்பன்மையினின்று முற்றிலும் நீங்கவில்லை.

பவுலின் வாதம் இவ்விரு பொருள்களையும் ஒருங்கே பயன்கொள்கிறது. கலாத்தியர் 3:8இல் 'எத்னே' இருமுறை வருகிறது. முதலில் விசுவாசத்தால் நீதிமான்களாக்கப்படுவோரையும், அடுத்து ஆபிரகாமுக்கு அளித்த வாக்குறுதியில் ஆசி பெறுவோரையும் அது குறிக்கிறது. ஆதியாகமம் 12:3இல் கிரேக்கப் பெயர்ப்பு 'குலங்கள்' என்னும் பொருளுடைய 'ஃபூலாய்' என்ற சொல்லையே ஆள்கிறது. 18:18இல்தான் 'எத்னே' உள்ளது. இரண்டையும் இணைத்து, பின்னதன் சொல்லைப் பவுல் மேற்கொண்டது தற்செயலானதன்று. இரண்டு இடத்தும் ஒரே சொல் நிற்பதாலேயே, யூதரல்லாதார் வருகை பிற்காலச் சலுகையாகாமல் முதல் வாக்குறுதியின் நிறைவாகிறது.

1871இல் வெளிவந்து, பவர் பெயர்ப்பு எனச் சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கிவரும் தமிழ் விவிலியம் இவ்விடத்தில் முதலில் 'புறஜாதிகள்' என்றும், அடுத்து 'ஜாதிகள்' என்றும் வேறுபடுத்துகிறது. பொருள் விளக்கம் என்ற அளவில் இது பிழையன்று. கலாத்தியர் 2:15இல் யூதருக்கு எதிர்நிலையில் பவுலே 'எத்னே' என ஆள்கிறார். ஆயினும் வாதத்தின் இணைப்புக்கண்ணியாகிய சொல்லொற்றுமை இங்கு அறுபடுகிறது. மூலத்தில் இல்லாத 'புற' என்னும் அடை, நடுவிடம் ஒன்றையும் அதற்கு அப்பாற்பட்டோரையும் கற்பித்துவிடுகிறது. அகச்சமயம், புறச்சமயம், புறப்புறச்சமயம் எனச் சைவ சித்தாந்தம் வகுத்த பாகுபாட்டை அறிந்த தமிழ் வாசகனுக்கு இவ்வடை வெறும் இடப்பொருள் தருவதன்று, தகுதிவரிசையையும் உணர்த்துவதாகும்.

'ஜாதி' என்னும் பகுதியோ மேலும் ஆராயத்தக்கது. இது பிறத்தற்பொருளுடைய வடமொழி வேரினின்று வந்தது. கிரேக்கத்தில் இவ்வேரோடு உறவுடைய சொல் 'கெனொஸ்' ஆகும், 'எத்னொஸ்' அன்று. உரோமர் 9ஆம் அதிகாரத்தில் பவுல் மறுப்பது பிறப்புரிமையையே. இசுரவேலின் வழிவந்தோர் அனைவரும் இசுரவேலர் அல்லர் என்பதும், பிறக்குமுன்பே ஏசாவை விலக்கி யாக்கோபு தெரிந்துகொள்ளப்பட்டான் என்பதும் அவர்தம் சான்றுகள். உரோமர் 9-11இல் நான்கு முறை வரும் 'எக்லோகே' (தெரிவு) என்னும் சொல் பிறப்புக்கு எதிராக நிறுத்தப்பட்டதாகும். பிறப்பு தெரிவுக்கு அடிப்படையன்று என நிறுவும் பகுதியில், பிறப்பையே பெயராகக் கொண்ட ஒரு சொல் பயில்வது முரணாகும். சாதிப் பாகுபாடு நிலவும் சமூகத்தில் இம்முரண் அகராதியளவில் நின்றுவிடுவதில்லை.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'பிற இனத்தார்' என மாற்றியது வரவேற்கத்தக்கது. சாதிச்சாயல் நீங்கிற்று, 'புறம்' என்னும் இடவேற்றுமை 'பிற' என்னும் உறவுவேற்றுமையாயிற்று. எனினும் பெயர்ச்சிக்கல் முழுதும் தீர்ந்துவிடவில்லை. உரோமர் 11:13இல் பவுல் 'எத்னே'யாகிய உங்களுக்குச் சொல்லுகிறேன் என்ற கருத்தில் முன்னிலையாக விளிக்கிறார். தொடர்ந்து வரும் ஒலிவமர உருவகத்தில், ஒட்டப்பட்ட காட்டொலிவக் கிளை, முறிக்கப்பட்ட கிளைகளை நோக்கிப் பெருமை பாராட்டலாகாது என எச்சரிக்கிறார். அவர் கணக்கில் தமிழ்க் கிறித்தவரும் அக்கிளையைச் சார்ந்தவரே. ஆனால் தமிழ்க் கிறித்தவர் பேச்சுவழக்கில் 'புறஜாதியார்' என்பது திருச்சபைக்கு வெளியே உள்ளோரைச் சுட்டுகிறது. இப்பொருள் நகர்வுக்கு 1 பேதுரு 2:12 போன்ற இடங்களில் வித்து உண்டு எனினும், உரோமர் 11இல் அதன் விளைவு தலைகீழானது. எச்சரிக்கப்படுவோர், எச்சரிக்கை வேறெவருக்கோ உரியதெனக் கருத நேர்கிறது.

இத்தகைய நழுவல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யுஸ்தீன் தம் திரிபோ உரையாடலில் கிறித்தவரையே உண்மை இசுரவேல் எனக் கூறியபோது, ஒட்டுதல் என்னும் உருவகம் பதிலீடாக மாறிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் யூதருடனான உறவு பற்றிப் பேசுகையில் உரோமர் 11ஐ மீண்டும் துணைக்கொண்டமை, அவ்வுருவகத்தின் முதற்பொருளை மீட்கும் முயற்சி எனலாம்.

ஆகவே இனிவரும் பெயர்ப்புகளில், வாதம் ஒரே சொல்லை நம்பி நிற்கும் இடங்களிலேனும் 'இனங்கள்' அல்லது 'இனத்தார்' என அடையின்றிப் பெயர்த்து, யூதரல்லாதார் என்னும் சிறப்புப்பொருளை அடிக்குறிப்பில் தருவது தக்கது. வாசகன் தன்னையும் அச்சொல்லுக்குள் காணும்போதே, வேரைத் தான் சுமக்கவில்லை, வேரே தன்னைச் சுமக்கிறது என்னும் பவுலின் வாதம் அவனைச் சென்றடையும்.